நீடாமங்கலம் கேட்டில், நாற்பதாம் நாள்

கேட்டைப் போட்டுவிட்டார்கள்.
என் வண்டியில் நான்கு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர்,
ஜெகபர் எச்சில் தெறித்த மைக்.
கூத்தாநல்லூரில் இன்று அவனுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா.
மைக்செட் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.
வெறும் வண்டியோடு அந்த வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லை.

எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும்.
அதுவரை நிற்கிறோம்,
மன்னார்குடி பஸ் இரண்டு, நெல் லாரி ஆறு,
வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பையன்,
எண்ண முடியாத டூவீலர்கள்.

முன்னால் நின்ற ஹெல்மெட்காரர் ஆரம்பித்தார்,
யாரையும் பார்க்காமல், தண்டவாளத்திடம் சொல்வதுபோல:
"எமன் என்னப் புடிக்கக் கெளம்புனான்னா
நீடாமங்கலம் கேட்டத் தாண்டித்தானே வரணும்?"

"கெளம்புனாருன்னா" என்று திருத்தினாள்
ஸ்கூட்டியில் இருந்த நர்ஸ்.
எமனுக்கும் மரியாதை விகுதி போடுவாராம் ஜெகபரண்ணன்.

"அவரு எருமைய ஓரங்கட்டிட்டு நிக்கிறதுக்குள்ள
நான் ரெண்டு கல்யாணத்துல பேசிட்டு வந்துருவேன்."

ரெண்டு இல்லை, மூணு என்றார் லாரி டிரைவர் மேலிருந்து.
மூன்றாவது அவர் தங்கச்சி கல்யாணமாம், வலங்கைமானில்.
மேடையில் மாப்பிள்ளையின் அப்பாவைக் கேலி செய்ததில்
ஏழு வருஷம் அந்த மனுஷன் இவர்களோடு பேசவில்லை.
ஜெகபர் போன அன்றைக்குத்தான் போன் பண்ணினாராம்.
ரெண்டு பக்கமும் ஒன்றும் பேசாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்து, வைத்துவிட்டார்.

ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.
"வரணும்?" என்றதும் அவன் நிறுத்துவான்.
டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடிப்பான்.
கூட்டம் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும்.
டம்ளரில் ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை.
அது எனக்கு மட்டும் தெரியும்.

பதினெட்டு வருஷம் நான் சிரித்ததில்லை.
அவன் மைக் பக்கம் சாய்ந்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும்,
சிரிப்பு எழும்பினால் கூட்ட வேண்டும்.
என் கண் திருகில் இருக்கும்.
பாதி ஜோக் பழசு, அதையும் சொல்லிவிடுகிறேன்.
பெண்டாட்டி ஜோக்குகள் எனக்குப் பிடிக்காது.
நூர்ஜகானுக்கும் பிடிக்காது.
பணத்தை மட்டும் எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளும்.

லாரியின் மூட்டைமேல் படுத்திருந்தவர்
துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் சொன்னார்:
கொள்முதல் நிலையத்து வாசலில் ஒன்பது நாள்,
விடாத மழை, குவித்த நெல் முளைவிட்டுக் கிடந்தது.
எங்கிருந்தோ வந்து சாக்குமேல் ஏறி நின்றான்.
மைக் இல்லை, கூலி இல்லை.
"அழுவாதீங்கய்யா,
கண்ணுல ஈரப்பதம் இருவத்தி ரெண்டு காட்டுது.
பதினேழுக்கு மேல போனா அதையும் திருப்பி அனுப்பிருவான்."
துண்டு அப்படியே கிடந்தது முகத்தில்.
ஈரப்பதம் எவ்வளவு என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.
அன்று இரவு ஆம்புலன்ஸில் அவன் காலடியில் நான்.
தஞ்சாவூர் போக வேண்டும்.
இந்த இடம் வந்தது.
கேட்டு திறந்து கிடந்தது,
ஆள் இல்லை, ரயில் இல்லை,
கடகடவென்று தண்டவாளத்தில் ஏறி இறங்கினோம்.
மாஸ்க்கை விலக்கினான்.
"எலே, தொறந்தா கெடக்கு?"
மூச்சு வாங்கினான். ஒரு மடக்கு அளவு.
"மானத்த வாங்கிட்டானுவளே."

சிரித்துவிட்டேன்.
திருகு இல்லாத கையோடு, வாய்விட்டு,
ஆக்சிஜன் பிடித்திருந்த பையன் முறைக்க முறைக்கச் சிரித்தேன்.
ஜெகபர் என்னைப் பார்த்தான்,
முதல் வரிசையில் புது ஆள் ஒருவன்
வந்து உட்கார்ந்ததைப் பார்ப்பதுபோல.
அம்மாப்பேட்டை தாண்டவில்லை.

இதைச் சொல்லலாம் என்று வண்டியை விட்டு இறங்கினேன்.
ஹெல்மெட்காரர் திரும்பினார், நர்ஸ் திரும்பினாள்.
"எலே, தொறந்தா கெடக்கு?" என்றேன்.
சரியான இடத்தில் நிறுத்தினேன்,
ஒரு மடக்கு.

அதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.